பாட்டரியை நம்பி ஒரு குடித்தனம்

அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் அங்கே ஈ, காக்கை இராது. குளிர்காலம் பிறந்ததோ இல்லையோ, ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார் வீடுகள் வந்து முகாம் போட்டுவிடுகின்றன. வடக்கே பனி கொட்டும் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள். பெரும்பாலோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள். சர்க்காருக்குச் சொந்தமான அந்த நிலத்தில், அநுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம்.

மோட்டார் வீடு என்பது பஸ் போன்ற வண்டிக்குள் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கிய வீடு. அயோவா மாநிலத்திலுள்ள வின்னபேகோ கம்பெனி 1966-ல் இவற்றைத் தயாரிக்க ஆரம்பித்த பிறகு நடுத்தரக் குடும்பங்களும் வாங்கலாயின. குளிர்சாதனப் பெட்டி உண்டு, டெலிவிஷன் உண்டு, வெந்நீர் உண்டு. பாலைவனத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: மின்சாரக் கம்பம்.

இந்த வீட்டுக்குள் இரண்டு மின்சாரங்கள் குடியிருக்கின்றன. ஒன்று பாட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட். விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டரின் விசிறி ஆகியவை இதில் ஓடுகின்றன. மற்றொன்று அமெரிக்க வீடுகளில் உள்ள 120 வோல்ட். (நம் வீடுகளில் 230 வோல்ட் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.) குளிர்பதன யந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு போன்ற பெரிய தீனிக்காரர்களுக்கு இது வேண்டும். வெளியே மின்சாரம் கிடைத்தால், அதைக் குறைத்துப் பாட்டரிக்குள் சேமிப்பது கன்வர்ட்டர் என்ற கருவி. கிடைக்காதபோது பாட்டரியின் 12 வோல்ட்டை 120 ஆக உயர்த்திக் கொடுப்பது இன்வர்ட்டர்.

விதை நெல்

பாட்டரி ஒரு நெற்குதிர் மாதிரி. 100 ஆம்பியர்-மணி பாட்டரி என்றால், ஓர் ஆம்பியர் வீதம் 100 மணி நேரம் எடுக்கலாம் என்று கணக்கு. ஆனால் சாதாரண ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அடியில் இருக்கும் பாதி விதை நெல். அதில் கை வைத்தால் பாட்டரியின் ஆயுளே குறைந்துவிடும். எதையும் ஓட்டாமல் சிறிது நேரம் விட்டுவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தால், நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.1-க்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். பத்தில் ஐந்து போல் தோன்றும் இந்த அரை வோல்ட் வித்தியாசத்தைச் சாமானியமாக நினைத்து மோசம் போகிறவர்கள் அநேகம்.

புதிதாக வந்திறங்கிய ஒரு முதிய தம்பதியை எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் பகலில் இதமான வெயில். ராத்திரியில் எலும்பைத் துளைக்கும் குளிர். காஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். வெப்பம் தருவது காஸ்தான். ஆனால் அதை வீடு முழுவதும் தள்ளும் விசிறி ஏழெட்டு ஆம்பியர் குடிக்கிறது. பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலும் 35, 40 ஆம்பியர்-மணி போயிற்று. மாலையில் பார்த்த டெலிவிஷனும், ஓயாமல் கொஞ்சங் கொஞ்சமாக உறிஞ்சும் சில்லறைக் கருவிகளும் மிச்சத்தைத் தீர்த்துவிடுகின்றன. பாட்டரி பழையதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிடுகிறது. கிழவர் எழுந்து காஸ் ஸிலிண்டரைத் தட்டிப் பார்க்கிறார், நிறைய இருக்கிறது. சமையல் அடுப்பைப் பற்ற வைத்தால் எரிகிறது. ஹீட்டர் மட்டும் ஏன் எரியவில்லை? உள்ளே காற்றின் வேகத்தில் நகரும் சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு. விசிறி போதிய வேகத்தில் சுழன்றால்தான் அது நகர்ந்து, காஸைத் திறக்க வழி விடும். பாட்டரி தளர்ந்தால் விசிறி தளரும், ஸ்விட்ச் அசையாது. கோளாறு ஹீட்டரில் இல்லை, பாட்டரியில்! இது தெரியாமல் புது ஹீட்டர் வாங்கியவர்களும் உண்டு.

காப்பி விஷயம் இன்னும் வேடிக்கை. 1,000 வாட் காப்பி யந்திரத்தை இன்வர்ட்டரில் மாட்டினால், பாட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. பத்து நிமிஷத்தில் சுமார் 15 ஆம்பியர்-மணி காலி. அதே சரக்கில் 3 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை 60 மணி நேரம் எரிக்கலாம். அதனால்தான் பழகினவர்கள் காஸ் அடுப்பில் வெந்நீர் போட்டுக் காப்பி கலந்துகொள்கிறார்கள்.

எடுத்ததைத் திருப்பி நிரப்பச் சூரியன் இருக்கிறான். கூரையில் 100 வாட் ஸோலார் தகடு ஒன்று இருந்தால் நல்ல வெயில் நாளில் 30 ஆம்பியர்-மணி கிடைக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால், படுத்திருக்கும் தகட்டைச் சாய்த்து நிறுத்தினால்தான் முழுப் பலன். லிதியம் பாட்டரி வந்த பிறகு விதை நெல் தொல்லை பெரும்பாலும் நீங்கியது. ஆனால் விலை அதிகம். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

கம்பம் இருக்கும் இடத்தில்

மின்சாரம் கொடுக்கும் முகாம்களுக்குப் போய்விட்டால் கவலை விட்டதா? இல்லை. சாதாரண இணைப்பு 30 ஆம்பியர். அதாவது 3,600 வாட். குளிர்பதன யந்திரத்துக்கு 13 ஆம்பியர், வெந்நீர்க் கொதிகலனுக்கு 12, மைக்ரோவேவுக்கு 12. மூன்றையும் ஒரே சமயத்தில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அது கோளாறு அல்ல, காவல். கோடைப் பிற்பகலில் முகாம் முழுவதும் குளிர்பதனம் ஓடும்போது வோல்ட் இறங்கும். 105-க்குக் கீழே போனால் யந்திரத்தை நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

இணைப்புக் கொடுத்தும் விளக்கு மங்கலாகவே எரிகிறதா? பாட்டரி முனையில் மீட்டரை வைக்க வேண்டும். 13.2-க்கு மேல் காட்டினால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. 12.4-இலேயே நின்று, மேலும் இறங்கினால் செய்யவில்லை. பாட்டரியைக் கழற்றி மாட்டியபோது ஒயர்களை மாற்றிப் போட்டு, கன்வர்ட்டரின் பியூஸ் போயிருப்பது வழக்கமான காரணம். சமையலறைப் பிளக்கில் உயிர் இல்லையென்றால், குளியலறைக்குப் போய் அங்குள்ள பிளக்கின் நடுவிலுள்ள சிறு பொத்தானை அமுக்கிப் பார்க்கலாம். ஷாக் அடிக்காமல் காக்கும் அந்தப் பிளக்கின் வழியாகத்தான் மற்றவற்றுக்கும் மின்சாரம் போகிறது!

இந்த வீடு ஓடுகிற வீடு. மைலுக்கு மைல் ஒரு சிறு பூகம்பம். திருகாணிகள் தளரும், பாட்டரி முனையில் வெள்ளைப் பூ பூக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, திருகாணியை முடுக்கினாலே பாதி வியாதிகள் போய்விடுகின்றன. ஜெனரேட்டர் திடீரென்று நின்றால் பெட்ரோலையும் பார்க்க வேண்டும். டாங்கில் கால் பங்கு இருக்கும்போதே அது நின்றுவிடும்படி குழாயை அமைத்திருக்கிறார்கள். வண்டி நடுக்காட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

ஆனால் தரையில் நின்றுகொண்டு வண்டியின் உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால், சொந்த வைத்தியம் உதவாது. கம்பத்துப் பிரேக்கரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய எமன் ஜெனரேட்டரின் புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்று திரும்பி அடித்தால் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். இதற்காகவே எச்சரிக்கைக் கருவி ஒன்று வண்டியில் இருக்கிறது. அது 12 வோல்ட்டில் ஓடுவது என்றால், பாட்டரியை மிச்சப்படுத்துகிறோம் என்று அதன் ஒயரைக் கழற்றிவிடுகிறார்கள் சிலர். அது குடிப்பது ஓர் ஆம்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.