செயின் டிராக்டரும் சங்கத்தின் கடமையும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி நீரும் கிணற்று நீரும் பாயும் வடக்கனந்தல் வட்டாரத்தில், மேட்டை வெட்டிப் பள்ளம் நிரப்பும் 'செயின் வண்டி'யைக் காணாத விவசாயி அரியர். அத்தகைய வண்டி பழையதாகிப் புளியமரத்தடியில் துருவேறி நிற்பின் என் செய்வது? எடைக்குப் போட்டுவிடலாம் என்போர் உளர். அம்முடிவுக்கு வருமுன் அங்கத்தினர்கள் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் நலம்.

கலிபோர்னியாவின் ஆற்றுக் கழிமுக நிலங்களில் கனத்த நீராவி யந்திரங்களின் சக்கரங்கள் சேற்றிற் புதைந்தன. பெஞ்சமின் ஹோல்ட் என்பார் சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டையைப் பூட்டி 1904 நவம்பரில் ஓட்டிக் காட்டினார். பாரம் பரவி நிற்பதால் பட்டை எளிதிற் புதைவதில்லை, பிடிப்பும் மிகுதி.

நம் நாட்டில் இவ்வகை யந்திரங்கள் பேரளவில் நிலத்தில் இறங்கியது, செப்பனிட்ட பழைய வண்டிகளைக் கொண்டேயாகும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற டிராக்டர்களுடன் மத்திய டிராக்டர் நிறுவனம் 1947இல் பணி தொடங்கிற்று. மத்திய இந்தியாவில் 'கான்ஸ்' என்னும் நாணற்புல் ஆழ வேரோடி, நாட்டு ஏருக்கு இடங்கொடாமல் நிலங்களைக் கவ்வியிருந்தது. கோடையில் ஆழ உழுது, வேரை வெயிலில் உலர்த்தி அதனை அழித்தனர். 1949 செப்டம்பரில் உலக வங்கி அளித்த 1 கோடி டாலர் கடன், புதிய டிராக்டர்கள் வாங்க உதவிற்று. ஆயினும் முதற்சால் ஓட்டியவை பழைய வண்டிகளே.

இனி, பழுது பார்க்கும் முறையைக் காண்போம். முதலில் நோக்க வேண்டுவது வண்டியின் சங்கிலியை. செலவிற் பெரும்பங்கு அதற்கே ஆகும். கண்ணிகளைக் கோக்கும் பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கமே தேயும். உரிய காலத்தில் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பிப் பொருத்தினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். காலந்தாழ்த்தினால் அவ்வழி அடைபடும். கண்ணி, உருளை, பற்சக்கரம் யாவும் அளவு கடந்து தேய்ந்து, உதிரிப் பாகமும் கிடைக்காவிடின், எடைக்குப் போடுவதே நேர்மையான முடிவாகும்.

நெடுநாள் நின்ற எஞ்சினை இழுத்துச் சுழற்றுதல் ஆகாது. புகைக்குழாய் வழியே மழைநீர் இறங்கிப் பிஸ்டன் பிடித்திருக்கக்கூடும். சிலிண்டரில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து விட்டு, சில நாள் ஊறவைத்துக் கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். கேட்டர்பில்லர் டி8 போன்ற பழைய வண்டிகளில், பெரிய டீசல் எஞ்சினைக் கிளப்பச் சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்று தனியே உண்டு. அதனைச் செப்பனிடாது பெரியதைக் குறை கூறுதல் வீண்.

பக்கத்திற்கு ஒன்றாக உள்ள ஸ்டீயரிங் கிளட்ச் துருவினால் ஒட்டிக்கொண்டால், வண்டி ஓட்டுநர் சொற்படி திரும்பாது. ஆகவே கிளட்சையும் பிரேக்கையும் சோதியாமல் வண்டியை நகர்த்துதல் உயிருக்கே அபாயம். வர்ணம் பூசுதல் கடைசி வேலை.

நெசவாளர் அங்கத்தினர்க்கு இப்பாடம் புதிதன்று. குழித்தறி நெய்து கெடுவதினும் நின்று கெடுவதே அதிகம். குழியில் ஈரம் ஏறினால் மிதி உளுக்கும், விழுது நையும், அச்சுப்பல் துருவேறும். யந்திரமும் அவ்வாறே.

எல்லோருக்கும் சொந்தமான பொருளை ஒருவரும் துடைப்பதில்லை. கூட்டுச் சொத்துக்கு நேரும் முதற்பழுது இதுவே. ஆகையால் யந்திரம் வைத்திருக்கும் சங்கம் ஒவ்வொன்றும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்தல் வேண்டும். வாடகை வருமானத்தில் ஒரு பகுதியைத் தேய்மான நிதியாக ஆண்டுதோறும் ஒதுக்குதல் வேண்டும். இவையிரண்டும் இன்றிப் பழுது பார்த்த வண்டி, சில மழைக்காலங்களில் மீண்டும் புளியமரத்தடிக்கே திரும்பும்.

இவற்றிற்குப் பொதுக்குழு கூட வேண்டும். புகைக்குழாயின் வாயில் ஒரு தகரக் குவளையைக் கவிழ்ப்பதற்கோ தீர்மானம் வேண்டா. அதனை இன்றே செய்யலாம்.