சும்மா வருகிறவரின் இரண்டு மணி நேரம்

மாலை டியூஷன் மையத்தில் சம்பளமில்லாமல் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் தம்பி ஒருவர், இனிமேல் போவதாக இல்லை என்கிறார். ஏன் என்று கேட்டால் மென்று விழுங்குகிறார். சால்வைக்கு ஏங்குகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். டீயைக் குடியுங்கள் தம்பி, ஆறுகிறது. உங்களுக்கு வந்திருப்பது சால்வை ஏக்கம் இல்லை என்பதுதான் என் கட்சி.

ஓர் அறக்கட்டளையின் கணக்கு வழக்கைப் பாருங்கள். யாராவது 500 ரூபாய் கொடுத்தால் ரசீது உண்டு. வருமான வரித்துறையில் அதற்கான பதிவு இருந்தால் வரிச்சலுகைக்கும் வழி உண்டு. அந்த ரூபாய் எங்கே போனது என்று ஆடிட்டர் கேட்பார். நேரத்தைக் கொடுத்தவருக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. (நோட்டு, பென்சில் என்று பொருளாக வாங்கிக் கொடுத்தாலே அந்தச் சலுகை கிடையாது; நேரத்துக்குக் கேட்கவா வேண்டும்!) கணக்கில் ஏறாதது வீணாய்ப் போனால் யாருக்கும் உறைக்காது. சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்று பூட்டிய கதவுக்கு முன்னால் நாலு பேர் முக்கால் மணி நேரம் நிற்பீர்கள். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் 'நாளை வகுப்பு இல்லை' என்று வரும். இதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஐம்பது ரூபாய் குறைந்தால் பதறும் அதே நல்ல மனிதர்கள்தான் இதையும் செய்கிறார்கள்.

சரி, கையில் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டால்? யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இஸ்ரேலில் வீடு வீடாக நன்கொடை திரட்டும் பள்ளி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் காசு கிடையாது. மற்ற இரண்டுக்கும் திரட்டும் தொகையில் 1 சதவீதமும் 10 சதவீதமும் தனியாகத் தருவதாகச் சொன்னார்கள். அதிகம் திரட்டியவர்கள் காசு வாங்காதவர்கள். கடைசியில் நின்றது 1 சதவீதப் பிரிவு. கொசுறாகக் கொடுத்தால் வேலை கூலியாகிவிடுகிறது. கூலி என்று பார்த்தால் கட்டுபடியாவதில்லை.

அப்புறம் எதுதான் ஆளை நிறுத்திவைக்கும்? ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளரின் 2007 ஆய்வு இங்கே உதவும். பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்கள் (அவர்கள் சம்பளக்காரர்கள்தான்), அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் பேசிய நேரமும் திரட்டிய பணமும் இரு மடங்கைத் தாண்டியிருந்தன. நம் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறோம். புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பாடம் சொன்ன தொண்டர்களுக்குச் சம்பளமில்லை. ஆனால் கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடுவதையும், கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகி ஓட்டிப் போவதையும் அவர்களே கண்ணால் கண்டார்கள்.

உங்கள் மையத்தில் என்ன நடக்கிறது? பின்னக் கணக்கு வராமல் அழுத பையன் காலாண்டில் தேறிவிட்டான். அந்தச் செய்தி வண்ணப்படத்தோடு நன்கொடையாளர் அறிக்கைக்குப் போகிறது. சொல்லிக்கொடுத்த உங்களுக்கு வரவில்லை. நீங்கள் மனம் விட்டுப்போனது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அதனால் 'என்னை மதிக்கவில்லை' என்று பொதுவாகப் போய் நிற்காதீர்கள். 'அப்படியெல்லாம் இல்லையே தம்பி' என்று தோளைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் எனக்கும் வேண்டும், வகுப்பு இல்லையென்றால் முந்தின நாள் மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும், சாவி ஒன்று எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒருங்கிணைப்பாளரும் பெரும்பாலும் ஒற்றை ஆளாகத்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருப்பார். இப்படிக் கேட்டால் அவருக்கும் செய்வது சுலபம். அரையாண்டு வரை பொறுத்தும் ஒன்றும் நகரவில்லையென்றால் தாராளமாக விலகுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்து வருபவர் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.