கண் பார்த்த பதம்

அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சுகிறீர்கள். பதம் பார்க்க வெப்பமானியா வைக்கிறீர்கள்? கண்ணும் கையுமே சொல்லிவிடுகின்றன! பாகு முறுகினால் போவது கொஞ்சம் வெல்லந்தான்.

அமெரிக்காவில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஆயுதசாலையிலும் ஒரு காலத்தில் கண்தான் பதம் பார்த்தது. 1903-ம் வருஷ மாடல் துப்பாக்கியில், தோட்டா வெடிக்கும் வேகத்தைத் தாங்கும் உருக்குப் பாகத்தை உலையில் காய்ச்சுவார்கள். கனலும் நிறத்தைப் பார்த்தே கைதேர்ந்த தொழிலாளி, "போதும்" என்பார்.

1917-ல் சில துப்பாக்கிகள், சுட்டவர் முகத்தருகிலேயே வெடித்துச் சிதறின. ஏன்? விசாரித்தார்கள். வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் கனல் மங்கலாகத் தெரியும். சூடு போதவில்லை என்று எண்ணி மேலும் காய்ச்சிவிடுவார்கள். சூடு மிஞ்சிய உருக்கு கடினமாகத்தான் இருக்கும்; ஆனால் அதிர்ச்சி தாங்காமல் கண்ணாடிபோல் உடையும்.

அப்புறம் உலைகளுக்கு 'பைராமீட்டர்' என்ற வெப்பமானி வந்தது. 1918-ல் பதப்படுத்தும் முறையும் மாறியது. இரண்டு தடவை சூடேற்றிக் குளிர்வித்தார்கள். மேல்தோல் கடினமாயிற்று, உள்ளே அடி தாங்கும் உறுதி வந்தது. அங்கே செய்த துப்பாக்கிகளில் 8,00,000-க்குக் குறைந்த எண்ணுள்ளவற்றைச் சுடாதீர்கள் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள்.

அத்தொழிலாளிகளுக்கு அனுபவம் இல்லாமலில்லை, அம்மா! வெளிச்சம் மாறியது, கண் ஏமாந்தது.