உங்களுக்குத் தெரியுமா? கடலின் குணத்தை மறவாதவர்கள்

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் பூமி அதிர்ந்து, கடல் கரையை விட்டு உள்வாங்கக் கண்டதும், லிட்டில் அந்தமான் தீவின் டுகாங் கிரீக்கில் வசித்த, சுமார் 100 பேரே கொண்ட ஓங்கே சமூகத்தார், முன்னோர் வாய்மொழியாய்ச் சொல்லிவைத்த எச்சரிக்கையை நினைவுகூர்ந்து, மேட்டுக் காட்டில் ஏறி, சுனாமியில் ஒருவர்கூட மாளாமல் பிழைத்தனர். பொதுவாக மனித நினைவு எளிதில் நழுவிவிடுவது: அர்த்தமற்ற அசைகளை மனனம் செய்து தம்மையே பரிசோதித்துக்கொண்ட ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் எபிங்ஹவுஸ், கற்றவற்றில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோவதை 1885இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அர்த்தமும் அச்சமும் கலந்து, திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதையோ நெஞ்சில் ஆழப் பதிகிறது. பாஷைக்குச் சொந்த லிபியே இல்லாத ஓங்கே மக்கள் அந்த எச்சரிக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது, என் வரையில், மகத்தான வித்தையே.