ஜெயிச்சாலும் ஆயிரம் ரூபாய் நஷ்டம்: ஒரு எம்எம்ஏ ஃபைட்டரின் வரவு செலவு

செப்டம்பர் மாசம் கீழ்புத்துப்பட்டிலிருந்து நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி போன் பண்ணினார். வயசு 24. சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, கைக்கு வர்றது 26,000 ரூபாய். சாயங்காலம் பாண்டிச்சேரி ஜிம்மில் எம்எம்ஏ பயிற்சி. குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டைதான் எம்எம்ஏ. "அண்ணா, பெங்களூர்ல ஃபுல் டைம் டிரெய்னிங்குக்கு ஜனவரியில வரச் சொல்றாங்க. வேலையை விடப் போறேன். சேவிங்ஸ் 90,000 இருக்கு. போதுமா?"

"கனவை விடாதே"ன்னு ஒரு வீடியோ போட்டா லைக் குவியும். நான் ஆடிட்டர், அதனால கணக்கைத்தான் கேட்டேன். போன மேட்ச்ல எவ்வளவு வந்தது?

இந்தத் தொழிலில் மாசச் சம்பளம் கிடையாது. கூண்டுக்குள் ஏறினதுக்கு ஒரு தொகை. ஜெயிச்சா பெரும்பாலும் அதே அளவு இன்னொரு தொகை. தம்பிக்கு 15,000 + 15,000. ஜெயிச்சுட்டார், 30,000. இப்போ செலவு: ரெண்டு மாசத்துக்குக் கூடுதல் சாப்பாடு 12,000, பயிற்சிக் கட்டணம் 6,000, பயணமும் ரூமும் 7,000, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் 3,000, கோச்சுக்குப் பத்து சதவீதம் 3,000. மொத்தம் 31,000. ஜெயிச்ச மேட்ச்சில் ஆயிரம் ரூபாய் நஷ்டம்! தோத்திருந்தா 14,500.

"மேல போனா காசு வரும்ல?" வரும். ஆனா எத்தனை தடவை? உத்தரகாண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜூப்ளி 2023 பிப்ரவரியில் 'ரோடு டு யூஎஃப்சி' போட்டியை ஜெயிச்சு, யூஎஃப்சி ஒப்பந்தம் வாங்கினார். அக்டோபரில் அபுதாபியில் தோல்வி. அடுத்த மேட்ச் 2025 பிப்ரவரியில், சிட்னியில். 16 மாச இடைவெளிக்கு அப்புறம் 19 நொடியில் முடிஞ்சுபோச்சு. இந்தியாவில் இந்த விளையாட்டின் உச்சியைத் தொட்ட ஒருத்தருக்கே அந்த ரெண்டு வருஷத்தில் மூணு மேட்ச்தான். நமக்கு ஏழு வாரம் சம்பளம் தள்ளிப்போனாலே ஹெச்ஆரைத் தேடிப் போயிடுவோம்.

நம்ம தமிழர் ஒருத்தரும் இருக்கார். மலேசியாவின் அகிலன் தானி. தோல்வியே தெரியாமல் வந்தவருக்கு 2017 மே மாசம் சிங்கப்பூரில் பென் ஆஸ்க்ரெனோட ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்கான மேட்ச். முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பிடியில் தோத்தார். ஆனா 2019-ல் ஷாங்காயில் ஜப்பானின் பிரபல வீரர் யோஷிஹிரோ அகியாமாவை ஜெயிச்சார். ரெண்டுக்கும் நடுவில் ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்தைத் தாங்கிப் பிடிக்கப் பணம் வேணும். தம்பிகிட்ட நான் கேட்டது அந்தப் பணத்தைப் பத்தித்தான்.

பலரும் பார்க்காத விஷயம் இன்சூரன்ஸ். ரிசைன் பண்ணினா கம்பெனி குரூப் பாலிசி போயிடும், பிஎஃப் நின்னுடும். தனியா ஹெல்த் பாலிசி எடுத்தா, ஆபத்தான விளையாட்டைத் தொழிலா ஆடும்போது வர்ற காயத்துக்கு கிளைம் இல்லைன்னு விலக்குப் பட்டியலில் பொதுவா ஒரு வரி இருக்கும். அதில் மலையேற்றம், ஸ்கூபா டைவிங்னு உதாரணம் இருக்கும், எம்எம்ஏ பேர் இருக்காது. ஆனா "இவை மட்டுமல்ல"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அங்கதான் மாட்டுவோம். அதனால தொழிலை மறைக்காமல் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கணும்.

வரி பக்கம் சுருக்கமா: மேட்ச் பணம் சம்பளம் இல்லை, தொழில் வருமானம். ஐடிஆர்-1 போடக்கூடாது, ஐடிஆர்-3. பில் வெச்சிருந்தா செலவைக் கழிக்கலாம். நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்தோட சரிக்கட்ட முடியாது. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டா எட்டு வருஷம் முன்னெடுத்துப் போகலாம். சைடுல ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சரி, 90,000? பெங்களூரில் மாசம் 15,000, வீட்டுக்கு 12,000. மூணு மாசம், அதுக்கப்புறம் பத்து நாள்.

வீட்டுக்கு எதுக்கு 12,000ன்னு கேட்டப்போதான் விஷயம் வெளிய வந்தது. அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போறவர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பாத்தியெல்லாம் தண்ணி, வேலை கிடையாது. அரசு தர்ற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயும் இந்தப் பையன் சம்பளமும்தான். போனை அப்பாகிட்ட கொடுக்கச் சொன்னேன். அவர் சொன்னார்: "தம்பி, பொங்கல் கழிஞ்சு பாத்தி கட்டி, மாசி பங்குனியில உப்பு வார ஆரம்பிச்சிட்டா எங்களுக்கு இவன் காசு வேணாம். நாங்க மழைக்கு முன்னாடியே அரிசி வாங்கிப் போட்டுட்டுத்தான் படுப்போம். இவனும் அப்படிப் போகட்டும்."

எக்செல்லில் நான் மாத்தினது ஒரே ஒரு கட்டம்தான். ஜனவரிக்குப் பதில் ஏப்ரல். அதுவரை ஏழு மாசம், மாசம் 9,000 சேர்த்தா மொத்தம் 1,53,000. அடுத்த மழைக்கு வீட்டுக்கு 36,000 தனியா எடுத்து வெச்சாலும் மீதி 1,17,000, கிட்டத்தட்ட எட்டு மாசம் தாங்கும்.

பெங்களூர் ஜிம் ஏப்ரலுக்குச் சரின்னுட்டாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போட்ட மெயிலுக்குத்தான் இன்னும் பதில் வரலை.