உப்புக் காற்றும் பழைய காரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு காரில் ஏறுகிறோம். செங்கல்பட்டில் இருந்து புறப்பட்டு, திருக்கழுக்குன்றம் மலையைக் கும்பிட்டுவிட்டு, மாமல்லபுரம் போகிறோம். குழந்தைகள் கடலில் குளிக்கிறார்கள். மாலையில் வீடு திரும்புகிறோம்.

காரும் குளித்துவிட்டுத்தான் வருகிறது! அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அலை உடையும்போது நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் பறக்கின்றன. அவை காரின் தகரத்தில் ஒட்டிக் கொள்கின்றன. உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைப் பார்த்தாலே இது தெரியும். உப்பும் ஈரமும் சேர்ந்தால், இரும்பு வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோவில், 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அதன் சிற்பங்களையே உப்புக் காற்று அரித்திருக்கிறது. தொல்பொருள் துறையினர் காகிதக் கூழைப் பூசி, கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுத்தார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களையும் நட்டார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால், தகரம் எம்மாத்திரம்?

புதிது கிடைக்காது

பல வீடுகளில் இன்னும் அம்பாஸடர் கார் இருக்கிறது. ஆனால் 2014-ம் ஆண்டு மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் ஊர் கார். வண்டலூரில் செய்தார்கள். அந்தக் கம்பெனியும் மூடிப் போயிற்று. தாத்தா வாங்கிய காரைப் பேரன் ஓட்ட வேண்டுமானால், இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அம்பாஸடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடம்புத் தகரம்தான் அதற்கு எலும்பு. அடித்தகரம் இற்றுவிட்டால், வண்டியின் பலமே போய்விடும்.

என் பெரியப்பாவின் கார் வெளியே கண்ணாடிபோல மின்னியது. ஒரு நாள் வழியில் பஞ்சர். ஜாக்கி வைத்துத் தூக்கினார். வண்டி எழும்பவில்லை. ஜாக்கி தகரத்துக்குள் புகுந்துவிட்டது! நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. அவர் 10 ஆண்டுகளாக மேலே மட்டும் துடைத்து வந்திருக்கிறார்.

எப்படிக் கழுவுவது?

கடற்கரைக்குப் போய் வந்தால், மறுநாள் காலைக்குள் கழுவிவிடுங்கள். நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கடலோரத்தில் சில கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவுவது வீண் வேலை.

முதலில் வண்டியின் அடியிலும், மட்கார்டின் உட்புறத்திலும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். காய்ந்த துணியால் தூசியைத் தட்டக்கூடாது. மணல் ஒட்டிய துணிக்கும் உப்புத்தாளுக்கும் வித்தியாசம் இல்லை. துணி துவைக்கும் தூளும் வேண்டாம். அது மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். காருக்கென்று விற்கும் ஷாம்பு போதும்.

கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் அவற்றின் வழியாக வெளியேறும். மண் அடைத்தால் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே இற்றுப் போகும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும். குழந்தைகளிடம் சொல்லுங்கள், போட்டி போட்டுச் செய்வார்கள்!

பம்பரில் புள்ளி புள்ளியாகத் துரு தெரிகிறதா? அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேயுங்கள். பளிச்சென்று ஆகும். பிறகு மெழுகு பூசுங்கள்.

ஆயுத பூசைக்கு வைத்த குங்குமத்தை மறுநாளே கழுவிவிட வேண்டும். வெள்ளைக் காரில் அதன் சாயம் கறையாகிவிடும். பறவை எச்சமும் அப்படித்தான். பெயிண்டையே அரிக்கும்.

எங்காவது பெயிண்ட் கொப்புளம்போல எழும்பினால், உள்ளே துரு இருக்கிறது என்று அர்த்தம். அதன்மேலேயே பட்டி பூசி மறைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், செலவும் குறைவு. ஆனால் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். வெறும் தகரம் தெரியும்வரை சுரண்டி, பிரைமர் பூசி, அப்புறம்தான் பட்டி போட வேண்டும். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

காரைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளே வியர்த்து நிற்கும். பருத்தி உறை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் தலை காட்டினால் உறையை எடுத்துவிட்டு, நாலு கதவுகளையும் டிக்கியையும் திறந்து வையுங்கள். கால்மிதிகளையும் எடுத்துக் கொடியில் காயப் போடுங்கள்.