உதிர்ந்துபோன 'ஆம்'

தா.பழூர் டீக்கடையில் காலையில் ஒருவர் சொல்கிறார்: "அந்தப் பையன் வேலையை விட்டுட்டானாம்." கும்பகோணம் பஸ்ஸில் அதே செய்தி "வேலையை விட்டுட்டான்" என்று ஏறுகிறது. மதனத்தூரில் கொள்ளிடப் பாலம் தாண்டி நீலத்தநல்லூரில் இறங்கும்போது அவன் 'ஊர்சுத்தி'.

வழியில் முதலில் உதிர்ந்தது 'ஆம்'. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்பதை ஒரே அசையில் ஒப்புக்கொள்ள நம் மொழியில் இடமுண்டு. வம்பளப்பவர்களுக்கும் அது வசதிதான். ஆனாலும் கேட்டதைக் கேட்டதாகவே கைமாற்றினால் பாதிப் பழி குறையும்.

அடுத்து, வினை பெயராகிவிட்டது. பள்ளியில் படித்த இலக்கணம்தான்: வினைச்சொல் காலம் காட்டும், பெயர்ச்சொல் காட்டாது. 'குடிச்சிருந்தான்' என்பது ஒருநாள் சங்கதி. 'குடிகாரன்' என்றால் நேற்றும் நாளையும் அவன் அதுதான். ஆகவே வாயில் வரும் பட்டப்பெயரை வினைக்குத் திருப்பிப் பாருங்கள். 'மக்கு' என்பது 'கணக்கு இன்னும் பிடிபடலை' ஆகும். 'சோம்பேறி', 'நேத்து நடவுக்கு வரலை' ஆகும். அப்படிச் சொன்னதும் 'ஏன் வரலை?' என்று கேட்கத் தோன்றும். 'சோம்பேறி'க்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

தப்பை மூடிமறைக்கச் சொல்லவில்லை. 'ஏமாத்துக்காரன்' என்று கத்துவதைவிட '2,000 ரூபாய் வாங்கிட்டுத் திருப்பித் தரலை' என்பதுதான் பஞ்சாயத்தில் நிற்கும்.

சில சொற்களில் இந்த வித்தை பலிக்காது. ஏனென்றால் திருப்புவதற்கு அங்கே ஒரு செயலே இல்லை. 'காலனி' அப்படிப்பட்டது. நகரத்தில் வங்கி ஊழியர் காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் அதே சொல், வீடு இருக்கும் இடத்தைச் சொல்லிச் சாதியைக் காட்டிக்கொடுத்தது. ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகிவிட்ட அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஆவணத்தைத் திருத்திவிடலாம். ஊருக்குப் புதிதாக வருகிறவரிடம் கேட்கும் "நீங்க எந்தத் தெரு?" வீட்டு முகவரிக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். "டீ சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கினாலும் பேச்சு நடக்கத்தான் செய்யும்.